குரோட்டன் செடி குடித்த தண்ணீர்

செங்கல்பட்டு மாவட்டத்தைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டுக்குக் காஞ்சிபுரம் என்றும் மறு துண்டுக்குத் திருவள்ளூர் என்றும் பெயர் வைத்தார்களே, அந்த வருஷம்! சுதந்திரத்துக்குப் பொன்விழா என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மிட்டாய் கொடுத்தார்களே, அந்த வருஷம்! ஓடுகிற பஸ்களில் எல்லாம் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதினார்களே, அந்த வருஷம்! அந்த வருஷத்துக் கார்த்திகை மழையில், நம் தெருவைச் சேர்ந்த ஒரு பிள்ளை...

தலைவர் முறைக்கிறார். வணக்கம் சொல்லாமல் கதைக்குள் குதித்துவிட்டேனாம். மன்னிக்க வேண்டும். வயசான நாக்கு, வாசலில் நிற்காது. இதோ, வாசலுக்கே திரும்பி வருகிறேன்.

பந்தலுக்கு மேலே ஓலை எப்படியோ, பந்தலுக்குக் கீழே எங்களுக்கு அப்படி நிழலாக அமர்ந்திருக்கும் தலைவர், அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் வேலை பார்த்தாலும் தெருவை மறக்காத பண்பாளர் பன்னீர்செல்வம் அவர்களே! வேகிற வெயிலில் வேட்டி நுனியால் வேர்வையைத் துடைத்தபடி வீற்றிருக்கும் பெரியோர்களே! மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே காது கொடுக்கும் தாய்மார்களே! கம்பெனி பஸ் வருகிறதா என்று சாலையில் ஒரு கண்ணும், நான் எப்போது முடிப்பேன் என்று மேடையில் ஒரு கண்ணுமாக நிற்கும் தம்பிமார்களே! மோர்ப் பானையைச் சுற்றிச் சுற்றி வரும் சின்னஞ்சிறு செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் மைக்செட் ராமானுஜத்தின் வணக்கம்.

நாற்பது வருஷம் நான் மேடைக்குக் கீழே, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எழுத்து என்னிடம் ஒட்டவில்லை. ஆனால் காதில் விழுந்த எதுவும் என்னைவிட்டுப் போகவும் இல்லை. எத்தனையோ பேருக்கு ஒலி கொடுத்தேன். இன்றைக்கு எனக்கே ஒலி கொடுத்திருக்கிறீர்கள். யாரது விசில்? ஊது, தம்பி, ஊது. மைக் பக்கத்தில் மட்டும் ஊதாதே. அது என் பழைய மைக்.

இந்தத் தண்ணீர்ப் பந்தல் சித்திரைக்குச் சித்திரை புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் முளைக்கிறது. குடிக்கிறீர்கள், வாயைத் துடைக்கிறீர்கள், போகிறீர்கள். யார் வைத்த பந்தல் இது? ஏன் வைத்த பந்தல்? தலைவர் அதைச் சொல்லத்தான் என்னை அழைத்தார். சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயம், தாய்மார்களே. இந்தக் கதையில் சிறுநீர் வரும். கொஞ்சமாக அல்ல, குடம் குடமாக வரும். முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தச் சிறுநீருக்காக ஒரு தெருவே விழித்திருந்த கதை இது!

தாவீதை உங்களுக்குத் தெரியும். அதோ, முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறானே, அவன்தான். அவன் அம்மா சந்திரம்மா ஊரார் வயலில் நாற்று நட்டு, ஊரார் வயலில் களை பறித்து, சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மூத்தவள் ரெஜினா, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். இளையவன் தாவீது, மறைமலைநகரில் காருக்குச் சாமான் செய்யும் கம்பெனியில் சேர்ந்தான். கம்பெனி சட்டை கொடுத்தது. கம்பெனி பஸ் கொடுத்தது. கம்பெனி ஷூ கொடுத்தது! நம் தெருவுக்குள் நடந்து வந்த முதல் ஷூ அதுதான். அது நடந்து வரும் சத்தம் கேட்டுக் குழந்தைகள் வெளியே ஓடி வரும். முனையில் இரும்பு வைத்த ஷூ. கருகருவென்று, மாடப்புறாக் கழுத்து மாதிரி மின்னும்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் அவனைக் கூட்டுரோட்டில் இறக்கியது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. குறுக்கு வழி வரப்பு முழுக்கச் சேறு. நம் ஆள் என்ன செய்தான்? ஷூவைக் கழற்றினான். இரண்டு லேஸையும் முடிச்சுப் போட்டான். மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான்! காலைக் காப்பாற்றக் கம்பெனி கொடுத்த ஷூவை, அந்தக் கால் காப்பாற்றிக்கொண்டு போனது!

சிரிக்கிறீர்கள். நாம் செய்யாததா? டி.வி. வாங்கி, அதன்மேல் துணி போட்டு மூடி வைத்தவர்கள்தானே நாம்?

வரப்பில் கண்ணாடி விரியன் படுத்திருந்தது. குதிகாலில் போட்டது.

முனிசாமியின் ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். ஈறிலிருந்து ரத்தம் கசிகிறது. கால் உரல் மாதிரி வீங்குகிறது. முனிசாமி ஓட்டிக்கொண்டே திட்டுகிறார்.

“டேய், அந்த ஷூவைப் போட்டுகினு வந்தா இன்னாடா கேடு?”

“புதுசு, அண்ணாத்த. சேறாயிடும்.”

“இப்ப ஷூ நல்லா கீது. நீதான் நாறிட்ட.”

பெரியாஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். ரத்தம் நின்றது. வீக்கம் தணிந்தது. கண் திறந்தான். தெருவில் சர்க்கரை கொடுத்தோம். பிழைத்துவிட்டான் என்றோம். ஆனால் மறுநாள் சிறுநீர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. விஷம் இறங்கியது, சிறுநீர் இறங்கவில்லை. முகம் வீங்கியது. மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா அமிர்தவல்லி எங்களைக் கூப்பிட்டார். சந்திரம்மா, ரெஜினா, முனிசாமி, நான், அப்புறம் எங்கள் தெருவுக்கே தலைமாடு மாதிரி முன்னால் நின்று இழுத்த உலகநாதன் மேஸ்திரி. டவுன்ஷிப்பில் பாதி வீட்டுக்குச் சுவர் எழுப்பியவர் அவர். ரெஜினா அவரிடத்தில்தான் சித்தாள். டாக்டரம்மா அன்று சொன்னதை, அட்சரம் பிசகாமல் சொல்கிறேன், கேளுங்கள்.

“கிட்னிக்குள்ள லட்சக்கணக்கா மெல்லிசான குழாய் இருக்கு. ஒவ்வொரு குழாய்க்கும் உள்பக்கம் உயிருள்ள பூச்சு ஒண்ணு இருக்கு. பாம்பு விஷத்துல அந்தப் பூச்சு செத்து உதிர்ந்துடுச்சு. உதிர்ந்தது குழாயை அடைச்சுக்கிட்டு கிடக்கு.”

மேஸ்திரி உடனே கேட்டார்: “பூச்சு மட்டும் பூட்ச்சா, சொவுரே பூட்ச்சாம்மா?”

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “அதான் கேள்வி. சுவர் நின்னா, அங்கங்க ஒட்டிக்கிட்டிருக்கிற மிச்சப் பூச்சு தானாப் பரவும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நகர்ந்து நகர்ந்து குழாயை மூடிக்கும். சுவரும் செத்திருந்தா வராது. எதுன்னு இப்பச் சொல்ல முடியாது.”

“நீங்க பூசி வுட முடியாதாம்மா?” இது சந்திரம்மா.

“எங்களால முடியாதும்மா. யாராலயும் முடியாது. அதுவேதான் பூசிக்கணும். அது பூசி முடிக்கிற வரைக்கும் ஆளை உயிரோட வெச்சிருக்கிறதுதான் எங்க வேலை.”

பெரியோர்களே! இதைக் கேட்டு அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் இதோ, கையைப் பாருங்கள்! விரலில் கத்தி படுகிறது; ஒரு வாரத்தில் மூடுகிறதே, மூடியது யார்? எலும்பு முறிகிறது, கட்டுப் போடுகிறோம், ஆனால் கட்டுக்குள்ளே ஒட்டியது யார்? கட்டா ஒட்டியது? ஈரலைப் பற்றி டாக்டரம்மா பின்னால் ஒருநாள் சொன்னார்: பாதிக்கு மேல் அறுத்து எடுத்தாலும், மிச்சம் நல்லதாக இருந்தால், சில மாதத்தில் பழைய எடைக்கு வளர்ந்துவிடுமாம்! செங்கல்பட்டு மாவட்டத்தை அறுத்தார்களே, எந்தத் துண்டாவது பழைய அளவுக்கு வளர்ந்ததா? தலைவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இருதயத்துக்கு மட்டும் அந்த வித்தை அவ்வளவாகத் தெரியாதாம். அங்கே காயம் பட்டால் தழும்புதான் மிஞ்சுமாம். அதனால்தானோ என்னவோ, மனசு உடைந்தவனுக்கு மருந்து இல்லை! எப்படியோ போகட்டும். கொத்தனார் இல்லாமல், சித்தாள் இல்லாமல், சிமெண்டு இல்லாமல், நமக்குள்ளே நாம் தூங்கும்போதும் ஒரு கட்டட வேலை நடந்துகொண்டே இருக்கிறது, தாய்மார்களே! நடந்துகொண்டே இருக்கிறது!

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். தாவீது வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டுக் குழாய் விட்டார்கள். பாட்டில் தண்ணீர் உள்ளே போகும். வயிற்றுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். ரத்தத்தில் இருக்கும் அழுக்கை வாங்கிக்கொண்டு வெளியே வரும். கிட்னி செய்ய வேண்டிய வேலையை வயிறு செய்தது. ஆனால் கண்டிப்பு ஒன்று: குடிக்கத் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன டம்ளர்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீர், உள்ளே போனால் நெஞ்சை மூழ்கடிக்கும்.

இங்கேதான் நம் பெருமை வந்து குறுக்கே நின்றது. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனால் நாம் எதைக் கொண்டுபோவோம்? சத்தமாகச் சொல்லுங்கள்! ஆங், இளநீர்! கடப்பாக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார், இளநீர். கம்பெனிக் கூட்டாளிகள் வந்தார்கள், இளநீர். கட்டிலுக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பே உருண்டது. அந்தச் சித்தப்பா, பாவம், பிள்ளையின் வறண்ட உதட்டைப் பார்த்தார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒன்றைச் சீவி ஊற்றிவிட்டார். ஒன்றல்ல, அடுத்து இன்னொன்றும்!

இளநீரில் ஓர் உப்பு இருக்கிறதாம். நமக்கு நல்லது. கிட்னி நின்றவனுக்கு அது வெளியே போகாமல் தேங்கி, இருதயத்தையே நிறுத்திவிடுமாம். நிறுத்தப் பார்த்தது! டாக்டரம்மா ஓடி வந்து, ஊசி போட்டு, அவன் நெஞ்சை அமுக்கி ஆளை மீட்டார். அப்புறம் போட்டாரே ஒரு சத்தம்! என் குழாய் ஸ்பீக்கர்கூட அப்படிக் கத்தியதில்லை.

“பாம்பு பண்ணாததை நீங்க பண்ணிடுவீங்க போலிருக்கே!”

மேஸ்திரிக்கு அது சுருக்கென்று பட்டது. அன்று சாயங்காலமே, இதே பஸ் ஸ்டாப்பில் தெருவைக் கூட்டினார். ஒரு பக்கம் கற்பூரம், ஒரு பக்கம் பைபிள். தாவீது கட்டிலருகே முறை வைத்துக் காவல் இருப்பது என்று முடிவு. காவலுக்கு ஐந்து பேர் வந்தார்கள். சந்திரம்மா, ரெஜினா, முனிசாமி, அடுத்த வீட்டுக்காரி பாப்பா, மேஸ்திரி. “டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு குடுக்க மாட்டோம். அவன் அழுதாலும் குடுக்க மாட்டோம். பெத்தவளே அழுதாலும் குடுக்க மாட்டோம்.” ஐந்து பேரும் கையை நீட்டிச் சத்தியம் செய்தார்கள். நான் கையை நீட்டவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காவல் என்றால் அதுவல்லவா காவல்! தாவீது கெஞ்சுவான்.

“மேஸ்திரி, வாயை மட்டும் நனைச்சிக்கிறேன்.”

“வாய் நனைஞ்சா தொண்டை கேக்கும்.”

“நீ சிமெண்டுக்குக் காட்ற தண்ணில பாதி எனக்குக் காட்டேன்.”

“சிமெண்டு உன்ன மாதிரி வாயாடாது.”

“பாப்பாக்கா, நீயாவது குடேன். நான் உன்கு தம்பி இல்லியா?”

“தம்பியா இருக்கத்தான் குடுக்கல. போட்டோவா ஆயிட்டா மாலைதான் போடணும்.”

இப்படிப் பேச்சு ஓடும். மேஸ்திரி அவன் கண் முன்னால் தானும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நா வறண்டால் வராந்தாவுக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று குடிப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. தினம் காலையில் தெருவே எஸ்.டி.டி. பூத் வாசலில் நிற்கும். பூத் வைத்திருந்த ஏசுதாஸ் போனை எடுப்பார், கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். கூட்டம் கலையும். டாக்டரம்மா முகத்திலும் வெளிச்சம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வராவிட்டால் யாராவது கிட்னி கொடுத்து மாற்றத்தான் வேண்டும் என்றார்.

ரெஜினா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “என்னுத எடுத்துக்கோங்கம்மா.”

அவளுக்குத் தையில் கல்யாணம் பேசி வைத்திருந்தது. கிட்னி கொடுத்தால் சித்தாள் வேலைக்குப் போக முடியுமா? மாப்பிள்ளை வீடு ஒத்துக்கொள்ளுமா? நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஆனால் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. நானும் இல்லை. தம்பிக்கு அக்கா கொடுக்கிறாள், அதில் என்ன என்று தெரு இருந்துவிட்டது. அவள் பையில் இரண்டு புடவையை வைத்து மூடி, ஆணியில் மாட்டினாள். கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிற வாரம். நான் சர்ச் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே ஏசுதாஸ் பூத்தைத் திறந்தபடி போட்டுவிட்டு, லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்!

“ராமானுஜண்ணே! வந்துட்ச்சி! தாவீதுக்கு வந்துட்ச்சி!”

ஏணியில் இறங்கினேனா, குதித்தேனா, தெரியாது. மைக்கை எடுத்தேன். சிறுநீர் என்றால் தெருவுக்கு உறைக்காது. அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால் அது சர்ச் ஸ்பீக்கர். யோசித்தேனா? இல்லை! “அன்பார்ந்த பொதுமக்களே! நம் தெரு தாவீது இன்று காலை மூத்திரம் போனான்! அரை டம்ளர்! இது சர்ச் வளாகத்திலிருந்து அறிவிக்கப்படுகிறது!”

ஃபாதர் அங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர் மைக்கைப் பிடுங்கி, “தேவனுக்கு ஸ்தோத்திரம்!” என்றார். தெரு வெடித்தது, ஐயா, தெரு வெடித்தது! யாரோ தீபாவளி மிச்சம் சரவெடியைப் பற்ற வைத்தார்கள். டவுன்ஷிப்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, “மேட்ச் ஜெயிச்சுட்டோமா?” என்று கேட்டார். “அதவிடப் பெருசு சார்! தாவீதுக்கு ஒண்ணுக்கு வந்துட்ச்சி!” அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். நாங்களும் அன்றைக்குக் கதை முடிந்தது என்றுதான் தட்டினோம். ஆனால் கதை அங்கேதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

மறுநாள் முதல் சிறுநீர் பெருகியது. டம்ளர், சொம்பாயிற்று. சொம்பு, குடமாயிற்று. வாளி நிறைகிறது, ஊற்றுகிறார்கள், மறுபடி நிறைகிறது. பச்சைத் தண்ணீர் மாதிரி வருகிறது. இது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். குழாய்க்குள் புதுப் பூச்சு பரவிவிட்டது, ஆனால் வேலை பழகவில்லை. எதை நிறுத்த வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. வந்ததையெல்லாம் வெளியே விடுகிறது. அந்த நேரத்தில் போகிற அளவுக்குத் தண்ணீர் உள்ளே கொடுக்க வேண்டும். வார்டு நர்ஸுகளிடம் டாக்டரம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். அன்று அவருக்கு விடுப்பு. புதிதாக அந்த வார்டுக்கு வந்த நர்ஸ் ஷபானா கூஜா நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, “இனிமே நல்லாக் குடிக்கச் சொல்லுங்க” என்றார்.

காவலில் இருந்தது யார்? மேஸ்திரி!

அவர் புத்தியில் என்ன ஓடியது? ஒழுகுகிற தொட்டிக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? முதலில் தண்ணீரை நிறுத்து, தொட்டி காயட்டும், அப்புறம்தான் ரிப்பேர். முப்பது வருஷக் கொத்து வேலை சொல்லிக்கொடுத்த பாடம். கிட்னி ஓட்டையாகிவிட்டது என்று முடிவு கட்டினார். நேற்று வரை குடுக்காதே என்றவர்கள் இன்று குடு என்கிறார்களா? இது விவரம் தெரியாத புதுப் பெண் என்று நினைத்தார். அந்தப் பெண் முகம் வாடக்கூடாதே என்று, “சரிம்மா, சரிம்மா” என்றார். நர்ஸ் போனதும் கூஜாவைத் தூக்கினார். ஜன்னல் ஓரத்தில் ஒரு தொட்டியில் குரோட்டன் செடி இருந்தது. அதில் ஊற்றினார்! நர்ஸ் வந்து பார்ப்பார். கூஜா காலியாக இருக்கும். பையன் நன்றாகக் குடிக்கிறான் என்று மறுபடி நிரப்பி வைப்பார். மறுபடி குரோட்டன்!

துரோகமா அது? சொல்லுங்கள்! திருட்டா அது? சத்தியத்தைக் காப்பாற்றினார், ஐயா! கற்பூரத்துக்கும் பைபிளுக்கும் முன்னால் செய்த சத்தியத்தைக் கடைசிச் சொட்டு வரை காப்பாற்றினார். நேற்று உயிரைக் காத்த காவல், இன்று உயிரை எடுக்க வந்தது. அந்தச் செடி மட்டும் தளதளவென்று சிரித்தது.

ஏசுதாஸ் பூத்துக்குப் போன் போட்டு மேஸ்திரி சொன்னார்: “கிட்னி ஓட்டையாயி கொட்டிகினு கீது. ரெஜினாவை இட்டுகினு வாங்க.”

ஆணியிலிருந்து பையை எடுத்தாள் ரெஜினா. முனிசாமி ஆட்டோவில் அவளோடு நானும் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அவளிடமிருந்து ஒரே ஒரு கேள்வி: “அண்ணே, ஒண்ணு எடுத்துட்டா சிமெண்டு சட்டி தூக்க முடியுமா?” ஆட்டோ சத்தத்தில் கேட்காதவன் மாதிரி வெளியே பார்த்தேன்.

வார்டுக்குள் நுழைந்தோம். மத்தியான நேரம். தாவீது படுத்திருக்கிறான். கண் குழிந்துவிட்டது. நாக்கு காய்ந்த ஓலை. ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தாள். “டேய், தாவீது.” கண்ணைத் திறந்தான். எங்களைப் பார்த்தான். மூடிக்கொண்டான். அவ்வளவுதான். அக்கா, ஒரு வாய் தண்ணி என்று கேட்கவில்லை. தாய்மார்களே, வாரக்கணக்காக எங்களைப் பிடுங்கித் தின்றவன்! வாய் ஓயாமல் தண்ணீர் தண்ணீர் என்றவன்! கேட்பதை நிறுத்திவிட்டான்!

அதைக் கண்டுபிடித்தது அவள்தான். “இன்னா மேஸ்திரி, இவன் தண்ணி கேக்கவே இல்ல?”

“அடங்கிட்டான்மா. நல்லதுதான்.”

அப்போது ஷபானா கூஜாவோடு வந்தார். “இவர்தான் குடம் குடமாக் குடிக்கிறாரே, அப்புறம் ஏன் இப்படிக் காயறார்?” என்று பதறினார். ரெஜினா நர்ஸைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். ஜன்னலோரம் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்த தொட்டியைப் பார்த்தாள். எழுந்தாள். கூஜாவை வாங்கினாள். மேஸ்திரி இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

“வேணாம், ரெஜினா. சத்தியம் பண்ணிக் கீறோம். நீயும் கை நீட்ன.”

வார்டே திரும்பிப் பார்க்கிறது. பாட்டிலில் சொட்டு விழும் சத்தம் கேட்கிறது. அவள் சொன்னாள். சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

“என் கிட்னியக் குடுக்கறேன்னு சொன்னப்ப ஒருத்தரும் கையை நீட்டி மறிக்கல, மேஸ்திரி. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கறேன்னா மறிக்கிற. எவ்ளோ பெரிய காவலு இது?”

மேஸ்திரி கை தாழவில்லை. “ஒழுவுற தொட்டிம்மா அது...”

“தொட்டி இல்ல அது! புதுப் பூச்சு! நீ பூசிட்டு எறங்குன உடனே என்கிட்ட இன்னா சொல்லுவ? ‘தண்ணி காட்டு, ரெஜினா. காஞ்சா வெடிச்சிடும். ஒரு வாரம் தண்ணி காட்டு’ன்னு சொல்லுவியா மாட்டியா? வெயில்ல நின்னு எத்தினி சொவுத்துக்குத் தண்ணி ஊத்திக் கீறேன் உன்கு! டவுன்ஷிப் சொவுத்துக்குக் காட்டுன தண்ணிய என் தம்பிக்குக் காட்ட மாட்டியா?”

அந்தப் பெரிய கை இரண்டும் தாழ்ந்தன. கட்டடத்திலிருந்து சாரம் சரிவது போலச் சரிந்தன. அவரே வந்து தாவீதின் தலையைத் தூக்கிப் பிடித்தார். அவள் ஊற்றினாள். முதல் வாய் ஓரத்தில் வழிந்தது. இரண்டாவது வாய் தொண்டைக்குள் போயிற்று. மூன்றாவது வாய்க்கு, ஐயா, அவன் கையே வந்து டம்ளரைப் பிடித்தது! ஷபானா ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்து, ஊசி வழியாகவும் தண்ணீர் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது அவன் திரும்பவும் வாயைத் திறந்தான்: “மேஸ்திரி, இன்னும் கொஞ்சம்.”

மேஸ்திரி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

விடுப்பு முடிந்து வந்த டாக்டரம்மா எல்லாம் கேட்டார். இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால், வளர்ந்த புதுப் பூச்சும் வறட்சியில் செத்திருக்கும் என்றார். திட்டப்போகிறார் என்று மேஸ்திரி தலையைக் குனிந்து நின்றார். டாக்டரம்மா அந்தக் குரோட்டன் செடியைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். “உங்க வேலையில நீங்க பூசினதும் அது தானே இறுகணும். தண்ணி காட்டறது மட்டும்தானே நம்ம பங்கு? இங்கயும் அவ்வளவுதான்” என்றார். ஒரு வாரத்தில் பெருக்கு அடங்கியது. புதுப் பூச்சு வேலை பழகிவிட்டது. வயிற்றுக் குழாயை எடுத்தார்கள். தாவீது வீட்டுக்கு வந்தான். ஷூவைப் போட்டுக்கொண்டு, சேற்றில் நடந்து வந்தான்! ரெஜினா பையைப் பிரித்து, இரண்டு புடவையில் ஒன்றைத் தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டினாள்.

பெரியோர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். மடிந்தது மறுபடி முளைக்கும் வித்தையை நமக்குள்ளே வைத்தவன் யார்? சாமி என்பார் ஒருவர், இயற்கை என்பார் ஒருவர், தலைவர் மாதிரி டவுன்ஷிப்காரர்கள் வேறு ஏதோ சொல்வார்கள். யார் வைத்தாலும் வைத்துவிட்டார்கள்! அதை நாம் செய்ய முடியாது. ஆனால் கெடுக்க முடியும்! அன்பாலேயே கெடுக்க முடியும்! இளநீராலும் கெடுக்கலாம், இறுக்கிப் பிடித்த சத்தியத்தாலும் கெடுக்கலாம். பக்கத்தில் இருக்கிறவன் கேட்கிறானா என்று பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவன் கேட்பதை நிறுத்திவிட்டானா என்று அதைவிடக் கூர்ந்து பாருங்கள்!

அடுத்த சித்திரையில் இந்த இடத்தில் நாலு கழியை நட்டு, ஓலையைப் போட்டு, இரண்டு பானையை வைத்தார் உலகநாதன் மேஸ்திரி. யாரிடமும் காரணம் சொல்லவில்லை. முதல் டம்ளரைத் தாவீதுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். அதுதான் இந்தப் பந்தலின் வழக்கம். சித்திரைக்குச் சித்திரை, போன வருஷம் வரைக்கும், முதல் டம்ளர் அவர் கையால்தான்.

போன தையில் மேஸ்திரி போய்விட்டார். அதனால்தான் தலைவர் நேற்று என்னிடம், இந்த வருஷம் முதல் டம்ளரை நீங்கள் ஊற்றுங்கள், அந்தக் காலத்து ஆள் நீங்கள்தானே மிச்சம் என்றார். தலைவரின் அன்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த உரிமை எனக்கில்லை. நான் அன்றைக்குக் கை நீட்டாதவன்.

வெயிலில் நின்று என் பேச்சைப் பொறுத்த தாய்மார்களுக்கு நன்றி. ஓலை வேய்ந்த தம்பிகளுக்கு, மோர் கடைந்த கைகளுக்கு, மைக்செட் போட்டிருக்கும் பையனுக்கு நன்றி. சத்தம் நன்றாக வைத்திருக்கிறாய், தம்பி. உங்கள் வீட்டில் யாருக்கு எது உடைந்திருந்தாலும், அது உள்ளுக்குள்ளே கூடி வரட்டும் என்று வாழ்த்துகிறேன்.

கற்பூரத்துக்கும் பைபிளுக்கும் முன்னால் இந்த இடத்தில் கை நீட்டியவர்கள் ஐந்து பேர். சந்திரம்மா, மகன் பெற்ற பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். முனிசாமியைச் சுனாமி வந்த மார்கழியில் கடல் எடுத்துக்கொண்டது. பாப்பா போய் மூன்று மழை ஆகிறது. மேஸ்திரியும் போய்விட்டார். அந்தச் சத்தியத்தைச் செய்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள். அதை உடைத்த ஆள். இரண்டு கிட்னியோடும், அதோ, மோர்ப் பானைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறாள். தாவீது, எழுந்திரு. போய் உன் டம்ளரை அவளிடம் நீட்டு. ஊற்றம்மா, ரெஜினா!